சனிக்கிழமைச் சந்தையும் ஒரு மலை நகரின் வரலாறும்

(ஊரக வளர்ச்சி குறித்து மாணவர்கள், அலுவலர்கள் முன்னிலையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

திட்டமிடுவோர் ஒரு நகரத்தை மதிப்பிடும்போது சில கணக்குகளைத் தவறாமல் கேட்கின்றனர். சாலை எத்தனை கிலோமீட்டர், குடிநீர் நாளொன்றுக்கு எத்தனை லிட்டர், மருத்துவமனைப் படுக்கைகள் எத்தனை, பள்ளிகள் எத்தனை என்பன அவை. இக்கணக்குகள் யாவும் தேவையானவையே. ஆயினும், அந்நகர மக்கள் வாரத்தில் எந்த நாளில், எந்த இடத்தில், எதன்பொருட்டு ஒன்றுகூடுகின்றனர் என்ற வினாவிற்குப் பெரும்பாலான படிவங்களில் இடம் இருப்பதில்லை. அவ்வினா பொருளாதாரத்திற்குப் புறம்பானது என்று கருதுவோரும் உளர்.

அக்கருத்து சரியன்று என்பதற்கு, மேற்கு வங்காளத்தின் வடகோடியிலுள்ள காலிம்போங் என்னும் சிறிய மலை நகரம் தக்க சான்றாகும். அந்நகரில் ஒரு காலத்தில் இரு சந்தைகள் இருந்தன. ஒன்று, இமயத்தின் கணவாய்களைக் கடந்து திபெத்துடன் நடைபெற்ற கம்பளி வாணிகம். அது நகருக்குக் கடல் கடந்த நாடுகளிலும் பெயர் தேடித் தந்தது. மற்றொன்று, புதன்கிழமையும் சனிக்கிழமையும் கூடும் வாரச் சந்தை. அங்குள்ளோர் அதனை 'ஹாட்' என்பர். சுற்றுவட்டாரத்திற்கு அப்பால் அதனை அறிந்தோர் சிலரே. முதலாவது சந்தை 1962-ல் மறைந்தது. இரண்டாவது இன்றும் கூடுகிறது. இவ்வேற்றுமைக்கான காரணத்தை ஆராய்ந்து, அதிலிருந்து ஆட்சித்துறையினர் பெறத்தக்க பாடத்தைக் கூறுவதே இவ்வுரையின் நோக்கம்.

இரு குன்றுகளுக்கிடையே ஒரு நகரம்

கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,250 மீட்டர் உயரத்தில், தேவ்லோ, துர்பின் என்னும் இரு குன்றுகளை இணைக்கும் மலை முகட்டின்மீது காலிம்போங் அமைந்துள்ளது. மேற்கே, ஆழ்ந்த பள்ளத்தாக்கில் தீஸ்தா ஆறு ஓடுகிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை இப்பகுதி சிக்கிம் அரசரின் ஆட்சியில் இருந்தது. பின்னர் பூடானின் வசமாயிற்று. 1864-ல் ஆங்கிலேயருக்கும் பூடானுக்கும் மூண்ட போரின் முடிவில், 1865 நவம்பரில் சிஞ்சுலா உடன்படிக்கை ஏற்பட்டது. அதன்படி தீஸ்தாவிற்குக் கிழக்கேயுள்ள இம்மலைப்பகுதி ஆங்கில ஆட்சிக்குள் வந்து, சிறிது காலத்தில் டார்ஜிலிங் மாவட்டத்துடன் சேர்க்கப்பட்டது.

அக்காலத்தில் காலிம்போங் சில குடும்பங்களே வாழ்ந்த சிற்றூர். 1911-ல் அதன் மக்கள்தொகை 7,880 ஆக உயர்ந்திருந்தது. லெப்சா மக்களும் பூட்டியா மக்களும் முன்னரே அங்கு வாழ்ந்தனர். கிழக்கு நேபாளத்திலிருந்து ராய், லிம்பு, தமாங், குருங், நேவார் முதலிய பல இனத்தவர் வந்து மலைச்சரிவுகளைப் படிக்கட்டு வயல்களாக்கினர். மார்வாரி வணிகர் கடை திறந்தனர். திபெத்தியரும், சீனரும், பீகாரைச் சேர்ந்தோரும், வங்காளியரும் தொழில் நாடி வந்தனர். இத்தனை மொழியினர் கூடிய நகரில் நேபாளி மொழி பொதுமொழியாக வளர்ந்தது.

2011-ஆம் ஆண்டின் கணக்கெடுப்பின்படி நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 49,000 பேர். காலிம்போங் 2017 பிப்ரவரி 14 அன்று தனி மாவட்டமாயிற்று. இன்றைய மாவட்ட எல்லைக்குள் 2011-ல் வாழ்ந்தோர் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர். ஆகவே மாவட்ட மக்களில் ஐந்தில் ஒரு பங்கினரே நகராட்சி எல்லைக்குள் வாழ்ந்தனர். எஞ்சிய நான்கு பங்கினர் சரிவுகளில் சிதறிக் கிடக்கும் ஊர்களிலும் சிறு குடியிருப்புகளிலும் வாழ்ந்தனர். இவ்விகிதத்தை நினைவிற்கொண்டால்தான் சனிக்கிழமையின் பொருள் விளங்கும்.

கம்பளி வந்த வழி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்நகரின் வாழ்வு திடீரென விரிந்தது. 1903-04-ல் ஆங்கிலப் படை திபெத்திற்குள் சென்றதன் விளைவாக லாசா உடன்படிக்கை ஏற்பட்டு, யாதுங், கியான்சே முதலிய இடங்கள் வாணிகத்திற்குத் திறந்துவிடப்பட்டன. லாசாவிலிருந்து கியான்சே, பாரி, சும்பிப் பள்ளத்தாக்கு வழியாக வந்து, 14,000 அடிக்கும் மேற்பட்ட ஜெலெப் லா கணவாயைக் கடந்து, பெதோங், அல்கரா ஊர்களின் வழியே காலிம்போங்கை அடையும் பாதையே இவ்வாணிகத்தின் முதன்மை வழியாயிற்று. கழுத்தில் மணி கட்டிய கோவேறு கழுதைகள் இருபுறமும் கம்பளிப் பொதிகளைச் சுமந்து அணியணியாக வந்தன. கம்பளியுடன் கஸ்தூரி, கவரிமாட்டு வால், தோல் ஆகியவையும் வந்தன. துணி, சர்க்கரை, புகையிலை, மண்ணெண்ணெய், இரும்புப் பொருள்கள் போன்றவை திரும்பிச் சென்றன.

பத்தாம் மைல் என்று இன்றும் வழங்கப்படும் பகுதியின் கிடங்குகளில் கம்பளி தரம் பிரிக்கப்பட்டு, பொதியாகக் கட்டப்பட்டு, கல்கத்தா துறைமுகத்திற்கு அனுப்பப்பட்டது. தீஸ்தாப் பள்ளத்தாக்கில் கியெல் கோலா வரை 1915-ல் வந்த சிறிய இருப்புப்பாதையும், ரியாங்கிலிருந்து நகருக்கு அமைந்த கம்பிவடப் பாதையும் இப்போக்குவரத்திற்குத் துணைபுரிந்தன. அவ்விருப்புப்பாதை 1950-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தில் அழிந்தது. மீண்டும் அமைக்கப்படவில்லை.

இவ்வாணிகத்தின் ஒரு விளைவு தனியே குறிப்பிடத்தக்கது. இன்றைய இமாச்சலப் பிரதேசத்தின் கின்னோர்ப் பகுதியில் பிறந்து காலிம்போங்கில் குடியேறிய தார்ச்சின் என்பவர், 1925-ல் திபெத்திய மொழியில் ஒரு செய்தித்தாளைத் தொடங்கினார். திபெத்தியரால் 'மெலோங்' என்று அழைக்கப்பட்ட அவ்விதழின் பெயருக்குக் கண்ணாடி என்பது பொருள். உலகச் செய்திகளுடன், காலிம்போங்கில் கம்பளி, கஸ்தூரி முதலிய பொருள்களுக்கு நிலவிய விலைகளையும் அது வெளியிட்டது. இமயத்திற்கு அப்பாலுள்ள வணிகர் அவ்விலைகளைப் படித்தே தம் பொதிகளை அனுப்புவதா, நிறுத்துவதா என்று முடிவு செய்ய முடிந்தது. சந்தைச் செய்தியின் பயனைப் பொருளாதார நூல்களில் பயிலும் மாணவர்க்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

தொலைவில் எடுக்கப்பட்ட முடிவுகள்

ஆயினும் இவ்வாணிகத்தின் அடித்தளம் வலுவற்றது. ஒரே பொருளை, ஒரே வழியாகக் கொணர்ந்து, கடல் கடந்த சில நாட்டினர்க்கு விற்பதே அதன் அமைப்பு. 1950-ன் இறுதியில் சீனாவின்மீது அமெரிக்கா விதித்த வாணிகத் தடை திபெத்தியக் கம்பளியையும் பாதித்தது. 1954 ஏப்ரலில் இந்தியாவும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கை, காலிம்போங்கை வாணிகத் தலமாகப் பெயர் குறிப்பிட்டு ஏற்றது. எட்டாண்டுகளுக்குரிய அவ்வுடன்படிக்கை 1962 ஜூனில் காலாவதியாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் போர் மூண்டது. ஜெலெப் லா வழி மூடப்பட்டது. 1963-ல் தார்ச்சினின் இதழும் நின்றது.

வாஷிங்டன், பீகிங், புதுதில்லி ஆகிய தலைநகரங்களில் எடுக்கப்பட்ட முடிவுகளில் பத்தாம் மைலின் பொதி கட்டும் தொழிலாளிக்கோ, கழுதை ஓட்டிக்கோ, கிடங்குக் கணக்கருக்கோ எவ்விதப் பங்கும் இல்லை. ஆனால் அவற்றின் விளைவு முழுவதும் அவர்கள்மீதே விழுந்தது. 2006 ஜூலை 6 அன்று நாதுலா கணவாய் எல்லை வாணிகத்திற்குத் திறக்கப்பட்டபோது, காலிம்போங் மக்களிடையே பழைய நினைவுகள் எழுந்தது இயல்பே. ஆனால் நாதுலாவின் வழி சிக்கிமின் கேங்டாக்கை நோக்கியது. காலிம்போங்கின் வழியான ஜெலெப் லா அப்போதும் திறக்கப்படவில்லை.

அவ்வாறாயின் 1962-க்குப் பின் அந்நகரம் ஏன் வெறிச்சோடவில்லை? இவ்வினாவிற்குப் பல விடைகள் உண்டு. 1900-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சன் கிரஹாம் நிறுவிய இல்லப் பள்ளியும், பிற்காலத்தில் எழுந்த ஏனைய பள்ளிகளும் மாணவரை வெளியூர்களிலிருந்து ஈர்த்தன. ஆர்க்கிட், கிளாடியோலஸ், கள்ளி வகைகளை வளர்க்கும் நாற்றுப்பண்ணைகள் பெருகின. படைத்துறையும் அரசு அலுவலகங்களும் வேலை அளித்தன. சுற்றுலாப் பயணிகள் வந்தனர். இவை யாவும் உண்மையே. எனினும், இவற்றிற்கெல்லாம் அடியில், மலையூர்களையும் நகரத்தையும் வாரம் இருமுறை பிணைத்துவந்த ஹாட் இருந்தது. பொதுவாக இதனைக் குறிப்பிட மறந்துவிடுகின்றனர்.

சனிக்கிழமை

சந்தை நாளன்று விடியுமுன்பே சரிவுகளிலுள்ள ஊர்களிலிருந்து மக்கள் புறப்படுகின்றனர். முன்னர் மூங்கில் கூடையை நெற்றிப் பட்டையால் முதுகில் தாங்கி நடந்தே வந்தனர். இப்போது பங்கு வாடகை ஜீப்புகளில் வருவோர் மிகுதி. பெண்களே விற்போரில் பெரும் பகுதியினர். இஞ்சி, பெரிய ஏலக்காய், பருவத்தில் கமலா ஆரஞ்சு ஆகியவை வருகின்றன. தமிழ்நாட்டில் சௌசௌ எனப்படும் காய் அங்கே இஸ்குஸ் என்னும் பெயரில் குவிகிறது. காட்டில் பறித்த பெரணித் தளிரும் மூங்கில் குருத்தும் உண்டு. உருண்டையாய்ச் சிவந்து, உறைப்பு மிகுந்த டல்லே மிளகாய், கீரையைப் புளிக்கவைத்து உலர்த்திய குண்ட்ருக், சோயா அவரையைப் புளிக்கவைத்த கினேமா, பாலிலிருந்து கட்டியாகச் செய்யும் சுர்பி, துடைப்பப் புல் எனப் பொருள்களின் பட்டியல் நீளுகிறது. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த கத்தோலிக்கக் குருமாரின் பால்பண்ணையில் தோன்றிய பாலாடைக்கட்டியும் காலிம்போங்கின் பெயரையே தாங்கிப் புகழ்பெற்றது.

கம்பளி வாணிகத்துடன் இதனை ஒப்பிட்டு நோக்கின் வேறுபாடு புலனாகும். கம்பளி ஒரே பொருள், ஹாட்டிலோ நூற்றுக்கணக்கான பொருள்கள். கம்பளியை வாங்குவோர் தொலைநாட்டினர், ஹாட்டில் வாங்குவோர் அடுத்த தெருவினர். கம்பளிக்குப் பெருமூலதனமும் கிடங்கும் வேண்டும். ஹாட்டில் விற்க ஒரு கூடையும் உட்கார ஓரிடமும் போதும். ஒரு பருவத்தில் இஞ்சி நோயுற்று அழிந்தால் மிளகாய் கைகொடுக்கும். ஆரஞ்சு பொய்த்தால் துடைப்பப் புல் உதவும். சிறியதும் பலவகைப்பட்டதும் அண்மையிலுள்ளதுமான வாணிகம் எளிதில் முறிவதில்லை.

ஹாட்டின் பயன் பண்டமாற்றத்தோடு முடிவதன்று. மூன்று விற்பனையாளரை அணுகி விலை கேட்ட ஒரு குடும்பத்தலைவி, தாம் விற்க வேண்டிய விலையையும் அங்கேயே அறிந்துகொள்கிறார். விதை எங்கு கிடைக்கும், எந்த ஊரில் நிலச்சரிவு ஏற்பட்டது, மருத்துவமனையில் எந்த நாளில் கண் மருத்துவர் இருப்பார், யார் வீட்டில் திருமணம் என்ற செய்திகள் அங்கேயே பரவுகின்றன. கடன் கொடுத்தவரும் பெற்றவரும் அங்கேயே சந்திக்கின்றனர். கடைக்காரர் சென்ற வாரப் பாக்கியை இந்த வாரம் பெறுகிறார். இவ்வாறு வாரந்தோறும் முகம் பார்ப்பதால் விளையும் நம்பிக்கை, எழுத்தில்லாத ஒப்பந்தமாகச் செயல்படுகிறது. அதற்குரிய செலவு ஏதும் எந்த வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுவதில்லை.

சந்தை கூடாத காலங்களே அதன் மதிப்பை நன்கு உணர்த்தின. 2017 ஜூன் முதல் செப்டம்பர் வரை மலைப்பகுதி முழுவதும் 104 நாள் கதவடைப்பு நடைபெற்றது. 2020-ல் பெருந்தொற்றுக் காலத்தின் ஊரடங்கு வந்தது. 2023 அக்டோபர் 4 அன்று சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி உடைந்து தீஸ்தாவில் பெருவெள்ளம் பாய்ந்தபோது, தீஸ்தா பஜார் சேதமுற்றது, சமவெளியுடன் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டது. சமவெளியிலிருந்து லாரிகள் வர இயலாத நாள்களில், மலைநகரத்தின் சமையலறைக்குச் சரிவுகளிலுள்ள தோட்டங்களே எஞ்சிய துணை. அத்தோட்டங்களின் விளைச்சலை நகரத்திற்குக் கொணரும் ஏற்பாடு ஹாட்டேயாகும்.

திடலும் விழாவும்

வாரஇறுதியில் மக்கள் கூடுமிடம் சந்தை மட்டுமன்று. நகரின் நடுவே மேளா திடல் உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கிரஹாமின் முயற்சியால் ஒரு மேளா தொடங்கப்பெற்றது. விளைபொருள்களையும் கைவினைப் பொருள்களையும் காட்சிக்கு வைத்து, சிறந்தவற்றிற்குப் பரிசளிப்பது அதன் முறை. உழவர் தம் பயிரைப் பிறர் பயிருடன் ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பை அது அளித்தது. வேளாண் விரிவாக்கப் பணி என்னும் பெயர் நம் நாட்டில் வழங்குவதற்கு முன்பே அப்பணி அங்கு நடைபெற்றது எனலாம். பரிசு பெற்ற உழவரின் விதையைச் சந்தையில் அடுத்த வீட்டார் கேட்டு வாங்கும்போது, மேளாவும் ஹாட்டும் ஒன்றையொன்று நிறைவு செய்தன.

அத்திடலில் ஆடப்படும் கால்பந்தைக் காண, சுதந்திர தினத்தையொட்டி ஊரே திரளும். ஜூலையில் நேபாளி மொழியின் ஆதிகவி பானுபக்தரின் பிறந்தநாள், ஆகஸ்ட் 20-ல் மொழிநாள் ஆகியன நகரெங்கும் கொண்டாடப்படுகின்றன. 1992-ல் நேபாளி மொழி அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டதன் நினைவே அம்மொழிநாள். ஞாயிறன்று, 1891-ல் எழுப்பப்பட்ட மக்ஃபார்லேன் நினைவு ஆலயத்தில் வழிபாடு நடைபெறும். 2011 செப்டம்பர் நிலநடுக்கத்தில் சேதமுற்ற அவ்வாலயம் மீண்டும் செப்பனிடப்பட்டது. துர்பின் குன்றில் 1976-ல் தலாய் லாமாவால் திறந்துவைக்கப்பெற்ற மடாலயத்தில் பௌத்தர் கூடுவர். தசாய், திஹார், லோசார் ஆகிய பண்டிகைகளுக்கு முந்தைய சனிக்கிழமைகளில் ஹாட்டின் கூட்டம் பன்மடங்காகும். ஒரு சமயத்தாரின் பண்டிகைக்கு வேண்டியதை மற்றொரு சமயத்தார் விற்பது அங்கு வியப்பிற்குரியதன்று.

வாரஇறுதி யாருக்கு?

அண்மைக் காலத்தில் மலை நகரங்களின் சனி, ஞாயிறு வேறொரு பொருளைப் பெற்றுவிட்டது. சமவெளியின் பெருநகரங்களிலிருந்து பயணிகள் வருகின்றனர். விடுதிகள் நிறைகின்றன. சாலைகளில் வாகனங்கள் தேங்குகின்றன. குடிநீர் பற்றாக்குறையுள்ள நகரில் அதன் தேவை மேலும் பெருகுகிறது. பயணிகளால் வருமானம் வருகிறது என்பதை மறுப்பதற்கில்லை. பல குடும்பங்கள் தம் வீட்டின் ஓர் அறையை வாடகைக்கு விட்டுப் பிள்ளைகளைப் படிக்க வைக்கின்றன.

எனினும், பயணிகளின் வாரஇறுதிக்காக நகரவாசிகளின் வாரஇறுதியைச் சுருக்குவது அறிவுடைமையாகாது. வாகன நிறுத்தத்திற்கு இடம் வேண்டுமெனில் திட்டக்காரரின் கண் முதலில் செல்வது திடலுக்கே. கூட்ட நெரிசல் குறைய வேண்டுமெனில் முதலில் அகற்றப்படுவோர் தரையில் கூடையுடன் அமர்ந்திருக்கும் பெண்களே. மலை நகரங்களில் சமதரை அரிய பொருள். அது ஒருமுறை கைவிட்டுப் போயின் மீள்வதில்லை. சுற்றுலாவும் கம்பளியைப் போன்றே தொலைவிலுள்ளோரின் விருப்பத்தைச் சார்ந்தது என்பதையும், 1962-ன் பாடத்தையும், 2017-லும் 2020-லும் விடுதிகள் வெறுமையாய்க் கிடந்ததையும் நினைவிற்கொள்ள வேண்டும். ஒரே வருவாயை நம்பி மற்றவற்றைக் கைவிட்ட நகரம் இருமுறை தவறிழைத்ததாகும்.

சட்டம் தரும் கருவிகள்

சந்தையை அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது இதன் பொருளன்று. மழைக்காலத்தில் சேறு, கழிவுநீர், கழிப்பிடமின்மை, தீ விபத்து அச்சம் ஆகியவை மெய்யான குறைகள். கூரையும் குடிநீரும் மின்விளக்கும் பெண்களுக்குத் தனிக் கழிப்பிடமும் அமைப்பது நகராட்சியின் கடமை. ஆனால், சீரமைப்பு என்னும் பெயரில் பலமாடிக் கட்டடம் எழுப்பி, நாள் வாடகை செலுத்த இயலாத கூடைக்காரியை மூன்றாம் மாடிக்கு அனுப்பினால், கட்டடம் எஞ்சும், சந்தை மறையும். வாரம் ஒருநாள் மட்டும் வந்து விற்பவருக்கு நிரந்தரக் கடை பயன்படாது. அவருக்கு வேண்டுவது அந்நாளில் உறுதியாகக் கிடைக்கும் ஆறடித் தரை.

இதற்குரிய கருவிகள் சட்டத்திலேயே உள்ளன. அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை சந்தைகளையும் கண்காட்சிகளையும் ஊராட்சிகளின் பொறுப்புகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. பன்னிரண்டாம் அட்டவணை விளையாட்டுத் திடல்களையும் பண்பாட்டு வளர்ச்சியையும் நகராட்சிகளின் பணிகளாகக் கூறுகிறது. 2014-ஆம் ஆண்டின் தெரு வணிகர் சட்டம், விற்போரும் வாங்குவோரும் வழிவழியாகக் கூடும் இடத்தை இயல்புச் சந்தை என்று ஏற்கிறது. தெரு வணிகர் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக வாணிகம் செய்துவரும் சந்தைகள் மரபுச் சந்தைகளாக அறிவிக்கப்பட வேண்டும் என்றும், அங்குள்ளோரை இடம் மாற்றலாகாது என்றும் அச்சட்டம் கூறுகிறது. ஒரு சந்தை ஐம்பது ஆண்டுகளாகக் கூடுகிறது என்பதை எவ்வாறு மெய்ப்பிப்பது? அதற்கு வரலாறு வேண்டும். வரி ரசீது, பழைய நிழற்படம், நாளேட்டுக் குறிப்பு, முதியோரின் வாக்குமூலம் ஆகியவையே சான்றுகள். இங்கேதான் உள்ளூர் வரலாறு, ஏழை வணிகரின் உரிமைக்குரிய ஆவணமாக மாறுகிறது.

காலம் குறுகியது

அவ்வரலாற்றைச் சேர்ப்பதில் தாமதம் கூடாது. 1962-ல் இருபது வயதினராயிருந்தோர் இன்று எண்பதைக் கடந்துவிட்டனர். கம்பளியைத் தரம் பிரித்த கைகளும், ஜெலெப் லாவின் பனியில் கழுதைகளை ஓட்டிய கால்களும் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றன. தார்ச்சினின் செய்தித்தாள் பிரதிகள் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேணப்பட்டு மின்வடிவில் கிடைக்கின்றன. ஆகவே 1930-களில் காலிம்போங்கில் கம்பளி விற்ற விலையை நியூயார்க்கிலிருந்தும் அறியலாம். அதே நாளில் ஹாட்டில் இஞ்சி என்ன விலைக்கு விற்றது என்பதைக் காலிம்போங்கிலேயே அறிவது கடினம். பெருவாணிகத்தின் தடயங்களைக் காக்க எங்கேனும் ஒரு நூலகம் முன்வருகிறது. சிறுவாணிகத்தின் தடயங்களை அவ்வூரார் காக்காவிடில் வேறெவரும் காக்கமாட்டார்.

தனிமனிதர் முயற்சி எவ்வளவு செய்யலாம் என்பதற்கும் அந்நகரிலேயே சான்று உண்டு. லெப்சா நாட்டுப்புற இசைக்கலைஞர் சோனம் செரிங் லெப்சா தம் மக்களின் பாடல்களையும் இசைக்கருவிகளையும் பழம்பொருள்களையும் வாழ்நாள் முழுவதும் சேகரித்து, காலிம்போங்கில் ஓர் அருங்காட்சியகத்தை உருவாக்கினார். 2007-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. 2020-ல் அவர் மறைந்தார். அவர் சேர்த்தவை எஞ்சியுள்ளன. சேர்க்கப்படாமற்போனவை எவை என்பதை இனி எவராலும் கூற இயலாது.

இப்பணிக்குப் பெருநிதி தேவையில்லை. கல்லூரி மாணவர் இருவர் இருவராக, ஒரு குறிப்பேட்டுடன் சனிக்கிழமைதோறும் சந்தைக்குச் செல்லலாம். எந்த ஊரிலிருந்து வந்தார், என்ன கொணர்ந்தார், என்ன விலை, எத்தனை ஆண்டுகளாக வருகிறார், அவர் தாயார் எங்கு அமர்ந்து விற்றார் என்னும் ஐந்து வினாக்கள் போதும். ஓராண்டில் ஐம்பத்திரண்டு சனிக்கிழமைகள் உண்டு. அவ்வாண்டின் இறுதியில் பொருளியல் மாணவர்க்கு ஒரு விலைவரிசையும், வரலாற்று மாணவர்க்கு ஒரு வாய்மொழித் தொகுப்பும், நகராட்சிக்குச் சட்டப்படி பயன்படும் ஒரு பதிவேடும் கிடைக்கும். விடுமுறை நாளொன்றில் அவற்றை மேளா திடலில் காட்சிக்கு வைத்தால், தம் பாட்டியின் பெயரைப் பலகையில் காணும் சிறுவன் தன் ஊரைப் புதிய கண்ணால் நோக்குவான்.

அலுவலர்க்கும் இதில் பங்குண்டு. மலையூர் உழவர் ஒருவர் அலுவலகத்தைத் தேடிவர ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். ஆனால் சனிக்கிழமை அவர் எவ்வாறாயினும் நகருக்கு வருகிறார். வேளாண்மைத் துறையும் வங்கியும் சுகாதாரத் துறையும் அந்நாளில் சந்தையின் ஓரத்தில் ஒரு மேசையுடன் அமர்ந்தால், மக்களைத் தேடிச் செல்லும் செலவின் பெரும்பகுதி மிச்சமாகும். அங்கு அமரும் அலுவலர் மனுக்களைப் பெறுவதுடன் விலையையும் கேட்டறிவார். இரு வாரங்களில் இஞ்சி விலை பாதியாகச் சரிந்தால், அறிக்கை வருமுன்பே அவர் அதனை அறிந்திருப்பார்.

காலிம்போங்கிற்குரிய இப்பாடம் அந்நகரோடு நிற்பதன்று. இந்தியாவின் மலை நகரங்கள் பலவற்றில் வாரத்தில் ஒருநாள் மக்கள் கூடுகின்றனர். அந்நாள் எது, அவ்விடம் எது, அது எத்தனை தலைமுறையாக நிகழ்கிறது என்பதை, ஒரு மாவட்டத்தில் பொறுப்பேற்கும் இளம் அலுவலர் முதல் மாதத்திலேயே அறிந்துகொள்வது நலம். சாலையை அகலப்படுத்துமுன், கட்டடம் எழுப்புமுன், சுற்றுலாத் திட்டம் வகுக்குமுன் அந்த ஒருநாள் அங்கு நின்று பார்க்க வேண்டும். கணவாய்கள் மூடப்படலாம், இருப்புப்பாதைகள் வெள்ளத்தில் போகலாம், பயணிகள் வேறு மலையை நாடலாம். சனிக்கிழமை காலையில் கூடையுடன் சரிவேறி வரும் பெண்ணுக்கு அமர ஓரிடம் இருக்கும்வரை அந்நகரம் தன் காலில் நிற்கும். அவ்விடத்தைக் காப்பது வளர்ச்சிப் பணியின் ஒரு பகுதி என்பதை உணர்ந்து செயலாற்றுதல், திட்டமிடும் பொறுப்பிலுள்ள அனைவரின் கடமையாகும்.